கறுப்பு கிளிப்பை எங்கே மாட்டினார்

ராமநாதபுரம் அரண்மனைப் பக்கம், காய்கறிக் கடைகளுக்குத் திரும்பும் முனையில்தான் அது முதலில் நடந்தது. ஸ்டீயரிங்கைத் திருப்பினேன், திரும்பவில்லை. யாரோ மறுபக்கம் பிடித்து இழுப்பதுபோல இறுகிக்கொண்டது. எதிரே டேஷ்போர்டில் ஸ்டீயரிங் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தது. மூச்சைப் பிடித்து இழுத்து, ஒரு தள்ளுவண்டிக்காரரிடம் திட்டும் வாங்கிக்கொண்டு, காரை ஓரம் கட்டினேன். பின்னால் உட்கார்ந்திருந்த மாமி, அதாவது என் கணவரின் உம்மா, "என்னம்மா, வண்டி மல்லுக்கு நிக்கிது?" என்று கேட்டார்.

இன்ஜினை அணைத்து மறுபடி சாவியைத் திருப்பினேன். விளக்கு மறைந்தது. ஸ்டீயரிங் பூப்போலச் சுழன்றது. எதுவுமே நடக்காத மாதிரி இருந்தது. அதுதான் எனக்கு வியப்பாக இருந்தது. உடைந்த பொருள் உடைந்தேதான் கிடக்கும். கிழிந்த துணி தானாக ஒட்டிக்கொள்ளாது. இது மட்டும் எப்படிக் கெட்டு, எப்படிச் சரியானது?

எங்கள் வீடு கடலோரம். என் கணவர் கத்தாரில் வேலை பார்க்கிறார். அவர் ஒரு விடுப்பில் வந்தபோது வாங்கிய வெள்ளை நிற சின்னக் கார் அது. அவர் திரும்பிப் போனதும் போர்வை போர்த்தி நிறுத்தி வைப்பதாக இருந்தது. நான்தான் பிடிவாதமாக ஓட்டக் கற்றுக்கொண்டேன். மாமிக்குக் கண் ஆஸ்பத்திரி, எனக்குத் தையல் துணி, ஊரில் யாருக்காவது பிரசவ வலி என்றால் அதற்கும் என்று அந்தக் கார் நிற்க நேரமில்லாமல் ஓடியது. கடற்கரைக் காருக்கு வரும் சீக்கெல்லாம் அதற்கும் வந்தது. ஏசி குளிராமல் போய், முன்னால் இருக்கும் அலுமினியத் தகடு உப்புக்காற்றில் பொரிந்து உதிர்ந்துவிட்டது என்று மாற்றினோம். ஒரு முறை எலி வயரைக் கடித்தது. மழையில் இரண்டு நாள் நின்றால் பிரேக் தட்டு செம்மண் நிறமாகிவிடும். இவை எல்லாவற்றுக்கும் காரணம் கண்ணுக்குத் தெரிந்தது. ஸ்டீயரிங் விஷயத்தில்தான் எதுவும் தெரியவில்லை.

இரண்டு வாரம் சும்மா இருந்தது. பிறகு ஒரு காலை, சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரே ஒரு சத்தம். அதற்கு மேல் ஒன்றுமில்லை. இன்னும் இரண்டு தடவை திருப்பியதும் எடுத்துக்கொண்டது.

மதுரை சாலையில் எங்களுக்கு வாடிக்கையாக ஒரு ஒர்க்‌ஷாப் உண்டு. மெக்கானிக்குக் கிட்டத்தட்ட என் வயது. முதுகுளத்தூர்ப் பக்கத்துக்காரர். மிளகாய் அறுவடை நேரத்தில் கடையைப் பாதி நாள் பூட்டிவிட்டு ஊருக்குப் போய்விடுவார். நேர்மையான மனிதர். ஆனால் கேள்வி கேட்டால் மட்டும் பிடிக்காது.

"பேட்டரி வீக்குக்கா. மாத்திருவோம்" என்றார்.

"பேட்டரி வீக்கா இருந்தா ஸ்டீயரிங் ஏன் இறுகணும்?"

"அதுவும் கரண்டுல ஓடுறதுதானக்கா."

"அப்பறம் எப்படித் தானாச் சரியாச்சு?"

"அக்கா, இதெல்லாம் தெரிஞ்சு நீங்க என்ன செய்யப் போறீக? ஓடுனாப் போதாதா?"

புதுப் பேட்டரி ஐயாயிரத்துக்குப் பக்கத்தில் ஆயிற்று. ஒரு மாதம் நிம்மதியாக ஓடியது. மறுபடி 'டிக்'. இந்த முறை ஸ்டார்டர் மோட்டார் என்றார். கழற்றி, உள்ளே தேய்ந்த கார்பன் கட்டையை மாற்றி, துடைத்துப் பூட்டினார். மூவாயிரம். வண்டி இன்னும் சில வாரம் நல்லபடியாக ஓடி, உச்சிப்புளி ரயில்வே கேட்டில் நின்றுவிட்டு எடுக்கும்போது ஸ்டீயரிங்கை இறுக்கிக்கொண்டது. மெக்கானிக் தலையைச் சொறிந்தார். "இது நம்ம கைக்கு மீறுனதா இருக்கும்போலக்கா. கம்பெனி சர்வீஸுக்கே கொண்டு போங்க. அங்கன ஸ்கேனர் இருக்கு" என்றார்.

சர்வீஸ் சென்டரில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார வைத்து டீ கொடுத்தார்கள். ஸ்கேன் செய்த இளைஞர் மரியாதையாகத்தான் பேசினார். பவர் ஸ்டீயரிங்குக்குப் போகும் மின்சாரம் குறைந்துபோனதாகப் பதிவாகியிருக்கிறது, ஸ்டீயரிங் மோட்டாரை முழுசாக மாற்றினால்தான் உத்தரவாதம் தர முடியும் என்றார். கூலியோடு சேர்த்து நாற்பதாயிரத்தைத் தொடும்.

"மின்சாரம் குறைஞ்சுதுன்னா, குறைச்சது யாரு? மோட்டார் குறைக்குமா?"

அவர் சிரித்தார். "மேடம், இன்ன பார்ட்ல கோளாறுன்னு சிஸ்டம் காட்டும். ஏன்னு காட்டாது."

எதையும் மாற்றாமல் வண்டியை எடுத்து வந்துவிட்டேன். அந்த வாரம் போனில் என் கணவர் சலித்துக்கொண்டார். "வித்துருவோம். உப்புக்காத்துல நின்ன வண்டி. இனி ஒண்ணு மாத்தி ஒண்ணு வந்துக்கிட்டுத்தான் இருக்கும்."

"வித்தாலும் என்ன கோளாறுன்னு தெரியாம விக்க மாட்டேன்" என்றேன்.

"அது என்ன பிடிவாதம்?"

பிடிவாதம் இல்லை. எனக்கு உண்மையிலேயே தெரிந்தாக வேண்டும்போல இருந்தது. தையல் மிஷினில் நூல் அறுந்தால் நான் முதலில் ஊசியை மட்டும் மாற்றுவேன். அப்போதும் அறுந்தால் நூலை மாற்றுவேன். இரண்டையும் சேர்த்து மாற்றினால் குற்றவாளி எது என்று கடைசிவரை தெரியாது. காரில் பேட்டரியை மாற்றியும் வந்தது, ஸ்டார்டர் மோட்டாரைத் துடைத்தும் வந்தது. அப்படியானால் இரண்டும் இல்லை. இந்த அளவு வரை வந்துவிட்டேன். அதற்கு மேல் எனக்கு வழி தெரியவில்லை.

அந்த நேரத்தில்தான் மாமியின் தங்கைக்கு விஷக்காய்ச்சல் வந்து தேறியது. அவர் இருப்பது பாம்பனில். போய்ப் பார்த்தே ஆக வேண்டும் என்று மாமி முட்டையும் தேங்காய்ப்பாலும் ஊற்றி வட்டலப்பம் செய்து, பாத்திரத்தைத் துணியில் கட்டி மடியில் வைத்துக்கொண்டு காரில் ஏறிவிட்டார். பஸ்ஸில் போவோம் என்று நான் சொன்னதை அவர் காதில் வாங்கவே இல்லை. "பிஸ்மி சொல்லிட்டு எடும்மா. எல்லாம் போகும்."

மண்டபம் தாண்டும்வரை போனது. பாம்பன் பாலத்தில் ஏறி நடுப்பகுதியை நெருங்கும்போது, முன்னால் போன வண்டிகள் நின்றன. வழக்கம்தான், புது ரயில் பாலத்தைப் பார்க்கவும் படம் எடுக்கவும் சுற்றுலாக்காரர்கள் ஓரத்தில் நிறுத்துவார்கள். நானும் வேகத்தைக் குறைத்தேன். சட்டென்று டேஷ்போர்டில் இருக்கிற விளக்கெல்லாம் கல்யாண வீடு மாதிரி எரிந்தன. ஸ்டீயரிங் இறுகியது. இன்ஜின் ஒரு குலுக்கு குலுக்கி அணைந்தது. மிச்சமிருந்த ஓட்டத்தில் கைப்பிடிச் சுவர் ஓரமாக ஒதுக்கிவிட்டேன். சாவியைத் திருப்பினால் 'டிக்'.

வேடிக்கை பார்க்க நிறுத்திய கார்களின் வரிசையில் எங்கள் காரும் சேர்ந்துகொண்டதால், எங்களுக்கு ஆபத்து என்று யாருக்கும் தோன்றவில்லை. ஒரு பெண் என்னிடம் போனைக் கொடுத்துத் தன் குடும்பத்தைப் படம் எடுக்கச் சொன்னார். எடுத்துக் கொடுத்தேன். மாமி கதவைத் திறந்து இறங்கி, முக்காட்டைக் காற்றோடு மல்லுக்கட்டிப் பிடித்துக்கொண்டு, கீழே கடலைப் பார்த்தார். "எத்தனை தடவை போயிருப்பேன், ஒரு நாளும் இறங்கிப் பாத்ததில்ல. நல்லாத்தான் இருக்கு" என்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

பானட்டைத் திறந்ததும்தான் மற்றவர்களுக்கு விஷயம் புரிந்தது. கமுதியிலிருந்து ராமேசுவரத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு வந்த வேன் ஒன்று எங்களுக்கு முன்னால் நின்றது. அதன் டிரைவர் தோளில் துண்டோடு வந்து எட்டிப் பார்த்தார்.

"செல்ஃப் எடுக்கலயாம்மா? பேட்டரி டவுனா இருக்கும். கேபிள் வச்சிருக்கேன், குடுத்துப் பாப்போம்."

வேனைப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தி, சிவப்பும் கறுப்புமாகத் தடித்த இரண்டு வயர்களை எடுத்தார். நான்கு முனையிலும் முதலை வாய் மாதிரி கிளிப்புகள். வேன் பேட்டரியிலிருந்து எங்கள் பேட்டரிக்கு, சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. "இப்ப அடிங்க" என்றார்.

'டிக்'.

"சரியாக் கவ்வல போல" என்று கறுப்பு கிளிப்பை ஆட்டி மாட்டினார். அப்போதும் அதே 'டிக்'. பிறகு அவர் சும்மா ஒரு யோசனையில், அந்தக் கறுப்பு கிளிப்பை எங்கள் பேட்டரியிலிருந்து எடுத்து, இன்ஜின் மேல் நீட்டிக்கொண்டிருந்த ஓர் இரும்புக் கொக்கியில் கவ்வவிட்டார். "இப்ப அடிங்க பாப்போம்."

புதுக் கார் மாதிரி கிளம்பியது.

சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். டிரைவர் கேபிளைச் சுருட்டியபடி, "பேட்டரிதாம்மா. முத வேலையா மாத்திருங்க. வீடு போற வரைக்கும் எங்கயும் ஆஃப் பண்ணாதீக" என்று சொல்லிவிட்டுப் போனார். பேட்டரி புதிது என்று சொல்ல வாய் எடுப்பதற்குள் வேன் நகர்ந்துவிட்டது.

ஆக, பாம்பனில் மாமியின் தங்கை வீட்டு வாசலில் கார் உறுமிக்கொண்டே நின்றது. நான் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கவில்லை. மாமியும் இறங்கவில்லை, இறங்கிப் போய் உட்கார்ந்தால் பேச்சு முடியாது என்று அவருக்கே தெரியும். தங்கை வீட்டுக்குள்ளிருந்து மெலிந்த உடம்போடு நடந்து வந்தார். அக்காவும் தங்கையும் ஜன்னல் வழியாகக் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

"உள்ள வாங்க லாத்தா, வாசல்ல வச்சே பேசுறீங்க."

"வண்டிக்கு உடம்பு சரியில்ல. உன்னயப் பாக்க வந்தோம், இப்ப வண்டியையும் சேத்துப் பாத்துக்கிட்டிருக்கோம்."

வட்டலப்பம் ஜன்னல் வழியாக உள்ளே போயிற்று. ஒரு பொட்டலம் கருவாடு ஜன்னல் வழியாகவே வெளியே வந்தது. பெட்ரோல் முள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே அரை மணி நேரம் இருந்தோம். பாலத்தில் திரும்பும்போது நான் எதையும் பார்க்கவில்லை.

மறுநாள் மதியம் ஒரு பிளவுஸுக்குக் கை வெட்டிக்கொண்டிருந்தேன். கத்தரி பாதித் துணியில் நின்றது. பாலத்தில் ஒவ்வொரு தடவையும் அதே வேன், அதே கேபிள், அதே பேட்டரி. மாறியது ஒன்றே ஒன்று, கறுப்பு கிளிப் இருந்த இடம். பேட்டரியில் மாட்டியபோது ஓடவில்லை. இன்ஜின் இரும்பில் மாட்டியபோது ஓடியது. அப்படியென்றால் கோளாறு பேட்டரியிலும் இல்லை, மோட்டாரிலும் இல்லை. அந்த இரண்டு இடத்துக்கும் நடுவில் இருக்கிறது. பேட்டரியின் கறுப்பு முனையிலிருந்து இன்ஜினுக்கு ஏதோ ஒன்று போக வேண்டும், அது போகவில்லை.

எழுந்து போய் சாவியைத் திருப்பினேன். 'டிக்'. வாழ்க்கையில் முதல்முறையாக அந்தச் சத்தத்தைக் கேட்டுச் சந்தோஷப்பட்டேன். மெக்கானிக்குக்குப் போன் செய்தேன்.

"அண்ணே, வண்டி எடுக்கல. வீட்டுக்கே வாங்க. ஜம்பர் கேபிள் மட்டும் கொண்டாங்க."

"கரண்டு எடுக்க வேற வண்டி வேணும்லக்கா. நான் பைக்குலதான வாரேன்."

"வேற வண்டி வேணாம். கேபிள் போதும்."

வந்தார். மாமி நாற்காலியை வாசலுக்குக் கொண்டுவந்து போட்டு உட்கார்ந்துகொண்டார். பாலத்தில் நடந்ததைச் சொன்னேன். மெக்கானிக் பாதிக் காதில் கேட்டபடி பேட்டரியைத் தட்டிப் பார்த்தார்.

"இந்த ஒத்தை வயரோட ஒரு கிளிப்ப நம்ம பேட்டரியோட கறுப்பு முனையில மாட்டுங்க. மறு கிளிப்ப அந்தக் கொக்கியில."

"அக்கா, நம்ம பேட்டரியில இருந்து நம்ம இன்ஜினுக்கேவா? அதுக்குத்தான் உள்ளுக்குள்ள வயரு இருக்கே."

"இருக்குதா?"

"இந்தா, இங்கன பாருங்க. எர்த் வயரு. கறுப்பா, புதுசு கணக்கா இருக்கு."

"இருக்கு. அது வேலை செய்யுதான்னு யாரு பாத்தா?"

அவர் என்னைப் பார்த்தார். கிளிப்புகளை மாட்டினார். நான் உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். சட்டென்று கிளம்பியது. அணைத்தேன். கிளிப்பை எடுக்கச் சொல்லித் திருப்பினேன், 'டிக்'. மாட்டச் சொல்லித் திருப்பினேன், கிளம்பியது. மறுபடி எடுத்து, மறுபடி மாட்டி. நான்காவது தடவை அவரே என்னை எழுப்பிவிட்டு, "இருங்கக்கா, நான் ஒரு தடவ" என்று உள்ளே உட்கார்ந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் அதுவரை பார்த்ததில்லை. கேள்வி பிடிக்காத மனிதருக்கு விடை பிடிக்காமல் இல்லை.

பேட்டரியைத் தூக்கி, அதன் அடித்தட்டைக் கழற்றினார். மேலே புதுசாகத் தெரிந்த அந்த வயர் கீழே இறங்கி, கியர் பாக்ஸ் மேல் ஒரு போல்ட்டில் முடிந்தது. போல்ட்டை முடுக்கியிருந்த இடத்தைக் கையால் இழுத்தார். வயர் அவர் கையோடு வந்துவிட்டது. அத்தனை நாளும் அது ஒட்டிக்கொண்டிருந்தது வெறும் துருவின் தயவில்தான். வண்டி குலுங்கும்போது பட்டிருக்கிறது, பிரிந்திருக்கிறது. அதனால்தான் தானாகக் கெட்டு, தானாகச் சரியானது.

"இதை எனக்குக் குடுங்க" என்று வாங்கி, துணி வெட்டும் கத்தரி வீணாகிவிடும் என்று சமையலறைக் கத்தியால் ரப்பர் உறையை நீளமாகக் கீறினேன். உள்ளே செம்பு இழைகள் இருக்க வேண்டிய இடத்தில் பச்சைப் பொடி. தரையில் தட்டினால் கொட்டியது. மாமி குனிந்து பார்த்தார்.

"களிம்பு ஏறியிருக்கு. புளி போட்டுத் துலக்காத செம்புச் சட்டி மாதிரி."

"வண்டி மூஞ்சியக் கடலப் பாக்க நிப்பாட்டுறீகளா?" என்று மெக்கானிக் கேட்டார்.

வாசலின் அமைப்பே அப்படி. எல்லா நாளும் கடலைப் பார்த்துத்தான் நிற்கும். காற்று நேராக முன்கிரில் வழியாக நுழைந்து, பேட்டரிக்கு அடியில் உப்பு ஈரத்தைக் கொட்டிவைத்திருக்கிறது. மேலே உலர்ந்தது, அடியில் உலரவே இல்லை. இன்ஜினிலிருந்து மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் எர்த் வழி கெட்டுப்போக, ஸ்டார்டர் சுற்றவில்லை. ஸ்டீயரிங் மோட்டாருக்கு மின்சாரம் குறைந்தது. ஸ்கேனர் பொய் சொல்லவில்லை. குறைந்தது என்று மட்டும் சொன்னது. அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

புது எர்த் வயர், கூலி, முனைகளில் தடவிய கிரீஸ் எல்லாம் சேர்த்து ஆயிரம்கூட ஆகவில்லை. "ஸ்டார்டருக்கு வாங்குனத எப்படிக்கா…" என்று அவர் இழுத்தார். அந்த வேலையும் என்றாவது செய்ய வேண்டியதுதான், விடுங்கள் என்றேன். உண்மையில் அன்று எனக்கு ரூபாய்க் கணக்கே மனசில் இல்லை. அன்று மாலை ஒரு காரணமும் இல்லாமல் காரை எடுத்துக்கொண்டு ராமநாதபுரம் வரை போய்விட்டு வந்தேன். சிக்னலில் அணைத்து அணைத்து எடுத்தேன். பின்னால் நின்ற ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார்.

சில வாரம் கழித்து மெக்கானிக் போன் செய்தார். ராமேசுவரத்து டாக்சி ஒன்று இதே மாதிரி ஸ்டீயரிங் இறுகி வந்ததாகவும், பேட்டரியைத் தொடாமல் முதலில் கேபிளைத்தான் மாட்டிப் பார்த்ததாகவும் சொன்னார். "அதே களிம்புக்கா!" என்று அவர் கத்தியது மாமிக்கே கேட்டது.

காரை விற்கவில்லை. ஸ்டீயரிங் அதன்பிறகு ஒரு நாளும் இறுகவில்லை. அடுத்த விடுப்பில் என் கணவர் வந்து, தேவிபட்டினம் சாலையில் காரை ஓட்டிக்கொண்டு போனார். நான் பக்கத்தில். கொஞ்ச தூரத்தில் ரேடியோவை அணைத்தார்.

"என்ன இது, ஊளையிடுற மாதிரி சத்தம்? டயரா?"

"நானும் ஒரு வாரமாக் கேக்குறேன். டயர் மாத்தியாச்சு, சத்தம் போகல. முன்னால வண்டி இல்லேல்ல? லேசா வலது பக்கம் வளைங்க."

"எதுக்கு?"

"வளைங்களேன்."

வளைத்தார். சத்தம் கூடியது.

"இப்ப இடது."

சத்தம் அடங்கிப்போனது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். இந்த முறை சொல்லாமலே மறுபடி வலது பக்கம் வளைத்தார், ஊளை கூடியது. இடது, அடங்கியது. சாலை ஓரத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர் எங்களை நின்று பார்த்தார்.

"வலது பக்கம் வளைச்சா வண்டியோட பாரம் இடது சக்கரத்துல விழும்" என்றேன். "அப்பத்தான் கத்துது. இடது பக்கத்து பேரிங்."

"நிச்சயமா?"

"கழட்டிப் பாத்தாத்தான் நிச்சயம்."

அவர் சாலை நேராக இருந்த இடத்தில் இன்னும் இரண்டு தடவை வளைத்து, தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே ஓட்டினார்.